‘கிரீன் ஸ்டீல்’ கம்பிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? - எஃகு கேள்வி-பதில்

வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே 12 எம்எம் கம்பியில் கடைக்காரர் இரண்டு ரகம் காட்டுகிறார். ஒன்று ‘கிரீன் ஸ்டீல்’ என்று கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடுதல். வாங்கலாமா? (செங்கல்பட்டு வாசகர்)

முதலில், கம்பியின் பலத்துக்கும் ‘கிரீன்’ என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. பலத்துக்கு ஐஎஸ்ஐ முத்திரையையும் கம்பியில் பொறித்திருக்கும் கிரேடையும் பாருங்கள்.

‘கிரீன்’ என்று யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடித்துக்கொள்ளலாம். ஆனால் மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் இதற்கு ஒரு வரையறை தந்துவிட்டது. ஒரு டன் எஃகு தயாரிக்க 2.2 டன்னுக்குக் குறைவாகக் கரியமில வாயு வெளியானால்தான் அது பசுமை எஃகு. 2.0 முதல் 2.2 வரை மூன்று நட்சத்திரம், 1.6 முதல் 2.0 வரை நான்கு, 1.6க்கும் கீழே ஐந்து. ஆலைக்குத் தரப்படும் இந்தச் சான்றிதழைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் பேச்சை மாற்றினால் மூன்று ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் மூன்று நட்சத்திரத்துக்குக் கூடுதல் காசு தேவையில்லை. உலகச் சராசரியே டன்னுக்கு 1.9 அளவில்தான் இருக்கிறது. கணக்குப் போடும் முறையில் சில வேறுபாடுகள் இருந்தாலும் 2.2 தாராளமான எல்லைதான். நம் நாட்டுச் சராசரி 2.5ஐ ஒட்டி நிற்பதால் இங்கிருந்துதான் தொடங்க முடியும் என்பது அமைச்சகத்தின் கணக்கு. ஐந்து நட்சத்திரம் என்றால் யோசிக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் நான்கு டன் கம்பி போகிறது. “எதுக்கும் இருக்கட்டும் சார்” என்று மேஸ்திரி சேர்க்கும் கம்பி இதில் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் முறையாக வரைபடம் வாங்கி அரை டன் குறைத்தாலே ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு மிச்சம். பணமும் மிச்சம்.

நிலக்கரிக்குப் பதிலாக எல்லா உலைகளையும் கரண்டுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? (பாலிடெக்னிக் மாணவி, சேலம்)

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டுமல்ல, பல பொறியாளர்களுக்கும் உண்டு. தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் ஊது உலையில் கரி எரிபொருள் மட்டுமல்ல. தாதுவில் இரும்பு ஆக்சிஜனோடு பிணைந்திருக்கிறது. அந்த ஆக்சிஜனைப் பறிக்க வேறொரு பொருள் வேண்டும். கார்பன் பறிக்கிறது, பறித்ததும் கரியமில வாயுவாகி வெளியேறுகிறது. ஊது உலை வழியில் ஒரு டன் எஃகுக்கு முக்கால் டன்னுக்கு மேல் நிலக்கரி செலவாவது இதனால்தான். சூட்டை மட்டும் கரண்டில் கொடுத்தால் தாது உருகுமே தவிர இரும்பாகாது. மின்னாற்பகுப்பால் நேராகவே ஆக்சிஜனைப் பிரிக்கும் முயற்சி அமெரிக்காவில் பாஸ்டன் மெட்டல் போன்ற நிறுவனங்களில் நடக்கிறது, ஆனால் அது இன்னும் பெரிய ஆலை அளவுக்கு வரவில்லை.

நம் கும்மிடிப்பூண்டி பக்கத்து உலைகள் கரண்டில்தான் ஓடுகின்றன. ஆனால் அவற்றில் என்ன போடுகிறார்கள்? பழைய இரும்போடு ஸ்பாஞ்ச் அயனும் (தாதுவை உருக்காமலே ஆக்சிஜனைப் பறித்து எடுத்த இரும்பு) சேர்கிறது. உலகிலேயே அதிகமாக ஸ்பாஞ்ச் அயன் தயாரிக்கும் நாடு இந்தியா. அதில் பெரும்பங்கு ஒடிசா, சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் நிலக்கரி போட்டுச் சுழல் சூளையில் எடுப்பது. அதை அதிகம் கலந்த கம்பி, கரியமில வாயுக் கணக்கில் ஊது உலைக் கம்பியைவிடவும் அழுக்காக இருக்கலாம். ஆகவே எந்த எஃகைப் பற்றிக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: ஆக்சிஜனைப் பறித்தது எது? கரண்டு எங்கிருந்து வந்தது?

ஸ்வீடனில் ஹைட்ரஜனில் எஃகு செய்துவிட்டதாகப் படித்தேன். பிறகு பேச்சையே காணோமே? (மதுரை வாசகர்)

செய்தது உண்மை. எஃகு நிறுவனம் எஸ்எஸ்ஏபி, சுரங்க நிறுவனம் எல்கேஏபி, மின் நிறுவனம் வாட்டன்ஃபால் மூன்றும் 2016இல் தொடங்கிய ‘ஹைபிரிட்’ திட்டம் அது. லூலியோவில் சோதனை ஆலை 2020இல் ஓடத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் முதல் எஃகு வால்வோவுக்குப் போனது. இங்கே ஆக்சிஜனைப் பறிப்பது ஹைட்ரஜன், வெளியேறுவது நீராவி. வேதியியலில் ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் கரண்டில். ஒரு டன் எஃகுக்கு ஐம்பது கிலோவுக்குச் சற்று மேல் ஹைட்ரஜன் வேண்டும். அதைத் தண்ணீரிலிருந்து பிரித்து, கிடைத்த இரும்பை உருக்கி முடிக்கும்போது சுமார் 3,500 யூனிட் செலவாகியிருக்கும். பழைய இரும்பை உருக்க 500 யூனிட்டே போதும். ஆண்டுக்கு ஒரு கோடி டன் எஃகு செய்யும் ஆலைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரவும் பகலும் 4,000 மெகாவாட் வருகிறது. கூடங்குளத்தில் இப்போது ஓடும் இரண்டு அணு உலைகளின் முழுத் திறனைப் போல இரு மடங்கு! வட ஸ்வீடனில் ஆற்றுநீர் மின்சாரம் மலிவு, மக்கள்தொகை குறைவு. அப்படி இருந்தும் பூடன் நகரில் இதே முறையில் பெரிய ஆலை கட்டிவரும் ஸ்டெக்ரா நிறுவனம் 2025இல் நிதிக்குத் தடுமாறியது. அதே ஆண்டு ஜூனில் ஆர்சலர்மித்தல் எஃகு நிறுவனம், ஜெர்மனியில் இரண்டு ஆலைகளை ஹைட்ரஜன் வழிக்கு மாற்ற அரசு தருவதாகச் சொன்ன 130 கோடி யூரோவையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பணம் கிடைத்தாலும் மின்சார விலை கட்டுப்படியாகாது என்பதே அதன் பொருள்.

இருக்கிற ஊது உலையிலேயே ஹைட்ரஜனை ஊதக் கூடாதா? (ஜாம்ஷெட்பூர் தமிழர்)

உங்கள் ஊரிலேயே ஊதிப் பார்த்தார்கள். டாடா ஸ்டீல் 2023 ஏப்ரலில் ‘ஈ’ உலையில் செய்த சோதனை அது. இந்த வழியில் கரியமில வாயு பத்து சதவீதம்வரை குறையலாம் என்றது நிறுவனம். ஆனால் கோக்கை (சுட்டெடுத்த நிலக்கரி) முழுவதும் நீக்க முடியாது. காரணம், உலைக்குள் கோக் சுமைதாங்கியும்கூட. மேலே குவிந்திருக்கும் தாதுவைத் தாங்கி, வாயு மேலேற இடைவெளி விடுவது அதுதான். ஹைட்ரஜனால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

பழைய இரும்பை மட்டுமே உருக்கினால்? (பெயர் வேண்டாம் என்றவர், காயலாங்கடை வைத்திருக்கிறாராம்)

உங்கள் தொழிலுக்கு நல்ல காலம்தான். வேல்ஸில் போர்ட் டால்பட்டில் டாடா அதைத்தான் செய்கிறது. கடைசி ஊது உலையை 2024 செப்டம்பர் 30 அன்று அணைத்துவிட்டு, பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலை ஒன்றைக் கட்டுகிறது. செலவு 125 கோடி பவுண்டு, அதில் 50 கோடி அரசுப் பணம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் இரும்பு நூற்றாண்டுக்கு மேலாகக் குவிந்திருக்கிறது. நம் இரும்பில் பெரும்பகுதி அண்மைக் காலத்தில்தான் கட்டடங்களுக்குள் போயிருக்கிறது. அவை இடிந்து உங்கள் கடைக்கு வர ஐம்பது ஆண்டாவது ஆகும். அதனால் தாதுவிலிருந்து புது இரும்பு எடுக்காமல் இந்தியாவுக்கு வழியில்லை. இன்னொன்று, மோட்டாரிலிருந்தும் ஒயரிலிருந்தும் வரும் செம்பு. உருக்கில் கலந்துவிட்டால் அதைப் பிரிக்க முடியாது. சூடாக உருட்டும்போது எஃகு மேற்பரப்பில் வெடிப்பு விடும். கம்பிக்குப் பரவாயில்லை, கார் பாடித் தகட்டுக்கு ஆகாது. உருக்கும் முன்பே செம்பைப் பிரித்து விற்றால் உங்களுக்கும் நல்ல விலை.

ஐரோப்பாவுக்கு போல்ட், நட்டு அனுப்புகிறோம். 2026 ஜனவரியிலிருந்து கார்பன் வரி என்கிறார்கள். எங்கள் பட்டறையில் புகையே இல்லையே? (கோவை)

உங்கள் பட்டறையில் இல்லை; நீங்கள் வாங்கும் ஒயர் ராடில் (போல்ட் செய்யும் கம்பிச் சுருள்) இருக்கிறது. போல்ட்டும் நட்டும் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன. வரி கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர், நீங்கள் அல்ல. ஆனால் டன்னுக்கு எவ்வளவு கரியமில வாயு என்ற எண்ணை அவர் உங்களிடம் கேட்பார். எண் இல்லையென்றால் ஐரோப்பிய ஆணையம் வைத்திருக்கும் பொது மதிப்பைப் போடுவார். அது வேண்டுமென்றே கூட்டி வைத்த மதிப்பு. அந்தச் சுமையை உங்கள் விலையில்தான் கழிப்பார்.

எனவே ஒயர் ராட் தரும் மில்லிடம், எந்த ஆலையின் எஃகு, டன்னுக்கு எவ்வளவு என்று சரிபார்க்கப்பட்ட கணக்கை எழுத்தில் வாங்குங்கள். தர மறுக்கும் மில்லை மாற்றவும் தயாராக இருங்கள். உங்கள் வாடிக்கையாளர், வரம்புக்குட்பட்ட பொருள்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 50 டன்னுக்கு மேல் இறக்காதவர் என்றால் அவருக்கு விலக்கு உண்டு. அதை முதலில் கேட்டுவிடுங்கள். இறக்குமதியாளர் இந்த வரியைச் சான்றுகள் வாங்கித்தான் கட்டுவார்; 2026 சரக்குக்கான சான்றுகளின் விற்பனைக்குக் குறித்த தொடக்கம் 2027 பிப்ரவரி. அதுவரை பொறுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், இப்போது அனுப்பும் பெட்டிக்கே கணக்கு ஓடுகிறது.