30,000 ரூபாய்ச் சம்பளம்: கடைக்காரரும் கடைப் பிள்ளைகளும் கேட்டவை

யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு நெடுங்காலமாகச் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். 2026 ஜனவரி முதல் இலங்கைத் தனியார் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய், நாட்சம்பளம் 1,200 ரூபாய். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

புடவைக்கடை உரிமையாளர், கஸ்தூரியார் வீதி: என்னிடம் நான்கு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். இப்படி ஏற்றினால் கடையைப் பூட்டுவதா?

உங்கள் செலவு 30,000உடன் நிற்காது என்பது உண்மை. அதற்கு மேல் ஊழியர் பெயரில் நீங்கள் கட்டவேண்டியவை: ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3 சதவீதம். ஆளுக்கு 34,500, நால்வருக்கு 138,000. வியாபாரம் படுத்த மாதத்தில் அது சுமைதான். ஆனால் 2021இல் வைத்த 12,500 ரூபாய்க் குறைந்தபட்சச் சம்பளம் 2024 வரை அசையவில்லை. இடையே, 2022 செப்டெம்பரில், பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அப்போது சேலை விலையை ஏற்றினீர்கள், சம்பளத்தை ஏற்றினீர்களா?

விற்பனைப் பெண், சுன்னாகம்: ஐயா, கையில் 30,000 தருகிறார்கள். பதிவில் 15,000தான், மீதி 'படி'யாம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள், தங்கச்சி. எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பதிவில் உள்ள சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால், முதலாளி உங்கள் பெயரில் அந்த இரு நிதிகளுக்கும் கட்டவேண்டிய 15 சதவீதம் பாதியாகிறது: நட்டம் மாதம் 2,250 ரூபாய், பத்து வருடத்தில் வட்டி இல்லாமலே 270,000. முன்பு 3,500 ரூபாய் நிவாரணப் படி தனியாக இருந்தது. 2025இல் அதையும் சம்பளத்தோடு சேர்த்துவிட்டார்கள். சம்பளத் துண்டுகளைப் பத்திரப்படுத்திக்கொண்டு தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள்.

பொருளியல் மாணவர், திருநெல்வேலி (யாழ்ப்பாணம்): சம்பளம் ஏறினால் வேலை குறையும் என்கிறார்களே?

தம்பி, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1992இல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 ஆனது. துரித உணவுக் கடைகளில் வேலை குறையவில்லை என்று கார்ட், குரூகர் என்ற பொருளியலாளர் இருவரும் 1994இல் எழுதினார்கள். அதை மறுத்தவர்களும் உண்டு. எங்கள் கடைகளில் நான் பார்ப்பது வேறு: யாரையும் நிறுத்துவதில்லை, ஒரு பிள்ளை கலியாணமாகிப் போனால் அந்த இடத்துக்கு ஆள் எடுப்பதில்லை. இது எந்தப் புள்ளிவிபரத்தில் விழும் என்று உங்கள் விரிவுரையாளரிடம் கேளுங்கள்.

வீடு கட்டுபவர், சாவகச்சேரி: மேசனுக்கும் 1,200 கொடுத்தால் போதுமா?

சட்டத்துக்குப் போதும், மேசனுக்குப் போதாது. அந்தக் கூலிக்கு யாராவது வந்தால் எனக்கும் சொல்லுங்கள். என் மதில் பாதியில் நிற்கிறது.