தர்மபுரியிலிருந்து ஒடிசாவின் பித்தர்கனிகா தேசியப் பூங்காவுக்குப் போய் ஒரே நாளில் முதலை பார்த்துவிட்டுத் திரும்பலாமா?

போகலாம், கட்டாயம் போங்கள். ஆனால் ஒரே நாள் என்ற திட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நாங்கள் அப்படிப் போய்த்தான் முதல் நாளை இழந்தோம்.

ஜனவரியில் நானும் மாமாவும் போனோம். எங்களுக்குப் பென்னாகரம் பக்கம், மாமா ஒகேனக்கலில் இருபது வருடம் பரிசல் ஓட்டியவர். காவிரியில் கிடக்கிற சதுப்புநில முதலைகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்த மனிதருக்கு, கடலோரத்து உவர்நீர் முதலையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. சென்னையில் ஹவுரா ரயில் ஏறி பத்ரக்கில் இறங்கினோம், அங்கிருந்து சாலை வழியாகச் சாந்த்பாலி, அப்புறம் படகு. ஏற்பாடு செய்தவர்கள் நடுப்பகலில் படகில் ஏற்றி மூன்று மணி நேரம் சுற்றிக் காட்டினார்கள். கழி, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் ஓடை, முழுக்கத் தண்ணீர், கரையே தெரியவில்லை, மரத்தின் கிளை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு முதலைகூடக் கண்ணில் படவில்லை.

மாமாதான் சொன்னார், "தண்ணி ஏறி நிக்குது மாப்ள, படுக்க எடமில்லாம அது எங்க வந்து படுக்கும்? எறங்கட்டும்."

விஷயம் அவ்வளவுதான். அங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது, அந்த நேரமும் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் படகு எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வற்றும் என்று கேளுங்கள். குளிர்காலத்தில் வற்றமும் வெயிலும் ஒன்றாகச் சேர்கிற நேரத்தில்தான் முதலைகள் சேற்றில் ஏறிக் காயும்.

மறுநாள் அப்படித்தான் கிடைத்தது. வற்றிய கழியின் இரண்டு பக்கமும் ஈரம் மின்னும் கருஞ்சேறு, அதில் ஆணி அடித்த மாதிரி ஆயிரக்கணக்கில் அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள், நடுவே விரல் நீள மீன்கள் துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போகின்றன. படகோட்டி இன்ஜினை நிறுத்தினார். சேற்றில் ஒரு வழவழப்பான தடம், யாரோ மூட்டையை இழுத்துப்போன மாதிரி. மாமா அந்தத் தடத்தையே கண்ணால் பிடித்துக்கொண்டு மேலே போனார், போய் நின்ற இடத்தில் அது வாயைப் பிளந்தபடி கிடந்தது. மூன்று ஆள் நீளம் இருக்கும். அடித்தாடை ஓரத்தில் உலர்ந்த சேறு வெடித்திருந்ததுகூடத் தெரிந்தது. மாமா அதுவரை படகின் விளிம்பில் வைத்திருந்த கையை மெதுவாக உள்ளே எடுத்துக்கொண்டார். படகோட்டிக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்கு ஒடியா தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு இருவரும் கையாலேயே பேசிக்கொண்டு எங்களுக்குப் பதினோரு முதலை காட்டினார்கள்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் அங்கே இந்த முதலைகள் நூறுகூட இல்லை. 1975-ல் பாதுகாப்புத் திட்டம் தொடங்கி, முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துக் கழிகளில் விட்டார்கள். 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் 1,811. இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அவர் அதிகம் வியந்தது கூட்டைப் பற்றித்தான். நம் காவிரி முதலை மணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். உவர்நீர் முதலை இலை தழையைச் சேற்றோடு வாரிக் குவித்து மேடு கட்டி அதற்குள் இடுகிறது, தாய் பக்கத்திலேயே காவல் கிடக்கும். அதற்காகத்தான் மே 1 முதல் ஜூலை 31 வரை பூங்காவை மூடிவிடுகிறார்கள். அந்த மாதங்களில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

தங்குவதற்குப் பூங்காவுக்குள்ளேயே டாங்மாலில் வனத்துறை விடுதி இருக்கிறது, குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். முதலைக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சரி. பழுப்பு இறக்கை மீன்கொத்தியையும் தேடுங்கள், நம் பக்கம் கிடைக்காத பறவை அது. பறவைக் கூடுகள்தான் முக்கியம் என்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள், நம் ஏரிகளில் வருகிற அதே நத்தைகுத்தி நாரை பூங்காவின் பாககஹன் பகுதியில் மரம் மரமாகக் கூடு கட்டியிருக்கும். அப்போது மழை இருக்கும், பைனாகுலருக்கு ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள்.