கிண்டில் வாங்கலாமா? முதலில் பத்துப் புத்தகங்களின் பெயரை எழுதுங்கள்

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வசிக்கிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பொடி எழுத்துப் புத்தகங்களைப் படிக்கச் சிரமமாக இருக்கிறது. கோவையில் இருக்கும் மகன், அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலை வாங்கித் தருவதாகச் சொல்கிறான். மேட்டுப்பாளையத்தில் ஒரு கடைக்காரரோ, இருபதாயிரம் தமிழ்ப் புத்தகங்கள் ஏற்றிய ‘புக் ரீடர்’ ஏழாயிரம் ரூபாய்க்குத் தருகிறார். ஐந்நூறு ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். எதை வாங்குவது? இல்லை, இந்த வயதில் எல்லாமே வீண் செலவுதானா?

பதில்: வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அம்மா. நீங்கள் எந்தப் புத்தகங்களைப் படிக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை. கருவியின் விலையை மட்டும் கேட்கிறார்கள்.

ஒரு தாளில், அடுத்துப் படிக்க ஆசைப்படும் பத்துப் புத்தகங்களின் பெயரை எழுதுங்கள். அமேசான் தளத்தின் கிண்டில் பகுதியில் ஒவ்வொன்றாக மகனைத் தேடச் சொல்லுங்கள். தமிழில் எழுதியும் தேட வேண்டும், ஆங்கில எழுத்தில் எழுதியும் தேட வேண்டும். நம் பதிப்பாளர்கள் பெயர் பதிவதில் ஓர் ஒழுங்கு கிடையாது. கிடைத்த புத்தகங்களின் மாதிரிப் பக்கங்களை, போனில் கிண்டில் செயலியைப் போட்டு இலவசமாக இறக்கிப் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கி அடுத்த வரிக்கு வருகின்றனவா என்று கவனியுங்கள். பத்தில் ஆறேழு இப்படித் தேறினால் கிண்டில் உங்களுக்கு உதவும். இரண்டு மூன்றுதான் தேறும் என்றால் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

இனி அந்தக் கடைக்காரர். ‘இருபதாயிரம் புத்தகம்’ என்று ஒருவர் வாயைத் திறந்ததும் படியிறங்கிவிட வேண்டும். நாளுக்கு ஒன்று படித்தாலும் தீர்க்க ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சென்ற ஆண்டு ஒருவர் இதே மாதிரிச் சாமான் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தேன். ஒரே நாவல் நான்கு பெயர்களில் நான்கு முறை. ஒரு சமையல் புத்தகத்தில் பாதிப் பக்கங்கள் கோணல், ஓர் ஓரத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல். இன்னொரு கோப்பு பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு கருவியில் இல்லாததால் ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகள், பின்னால் ஓர் அரைப்புள்ளி. புத்தகம் முழுவதும் அப்படித்தான். அவர் அதற்கு ஆறாயிரம் கொடுத்திருந்தார்.

அந்தக் குவியலில் படிக்கும்படி இருந்தவை எல்லாம் இலவசமாகவே கிடைப்பவை. 1998 முதல் மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து தொடங்கி நூற்றுக்கணக்கான நூல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. கல்கி, ராஜம் கிருஷ்ணன் போன்றவர்களின் எழுத்து அரசுடைமையானது, யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் கிண்டிலுக்கு ஏற்ற வடிவிலேயே இறக்கிக்கொள்ளலாம். மீதி இருந்தவை திருட்டுப் பிரதிகள். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் சோற்றில் கை வைத்து, அதற்கு உங்களிடம் காசும் வாங்குகிறார்கள்.

சாமானும் படிக்கும் கருவி இல்லை, மலிவான டேப்லெட். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். உண்மையான வாசிப்புக் கருவியின் மின்மைத் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்சாரம் தொட்டால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். வந்தது வந்தபடி நிற்கும். அதனால்தான் கிண்டில் உறங்கும்போதும் திரையில் படம் இருக்கிறது, ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் தாங்குகிறது. திரையை அணைத்ததும் கறுத்துப் போனாலோ, சினிமாப் பாட்டு ஓடினாலோ, மெமரி கார்டு போட ஓட்டை இருந்தாலோ அது கிண்டில் இல்லை. இப்போது வரும் கிண்டில் எதிலும் மெமரி கார்டுக்கு இடமே கிடையாது.

பழைய கிண்டில் மலிவாக வருகிறது என்று யாராவது வந்தால், அவர் எதிரிலேயே உங்கள் மகனின் கணக்கில் பதிவு செய்து பாருங்கள். தொலைந்ததாகப் புகார் ஆகியிருந்தால் பதிவாகாது. ‘வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளுங்கள்’ என்று அவர் சொன்னால், அதுவே பதில்.

பணம் மிச்சமாகும் என்ற நினைப்பும் வேண்டாம். 2025 ஏப்ரலில் ‘பேப்பர்ஒயிட்’ என்ற கிண்டிலின் புதிய மாடல் இங்கே வந்தபோது அதன் விலை 16,999 ரூபாய். மின்னூல் வாங்குவதில் ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாய் மிச்சம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், போட்ட பணம் திரும்ப 170 புத்தகங்கள் வாங்க வேண்டும். மாதம் இரண்டு என்றால் ஏழு ஆண்டு. அதற்குள் பேட்டரி தளர்ந்துவிடும். நம் அரசாங்கத்தின் வரிக் கணக்கு இன்னும் வேடிக்கை: அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, அதுவே மின்னூலானால் 5 சதவீதம், அச்சிலேயே வராத மின்னூலுக்கு 18 சதவீதம். அச்சடிக்கக் காசில்லாமல் நேராக மின்னூலாகப் போடுகிற எழுத்தாளருக்குத்தான் அதிக வரி! நீங்களும் நானும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறோம். அமெரிக்காவில் பொது நூலகத்தின் மின்னூலை வீட்டிலிருந்தே கிண்டிலில் இரவல் எடுக்க முடிகிறது. என் ஊர் நூலகத்திலோ நான் மூன்று முறை போய் இரண்டு முறை பூட்டைத்தான் பார்த்தேன்.

ஆக, உங்களுக்கு லாபம் எழுத்தின் அளவில் மட்டும்தான். அது சின்ன லாபம் இல்லை. கண்ணுக்கு நல்லதா என்பதை உங்கள் கண் மருத்துவரிடம் கேளுங்கள். எழுத்து பெரிதாகும், வெளிச்சம் திரையின் பின்னாலிருந்து கண்ணில் குத்தாமல் விளிம்பிலிருந்து பரவும் என்பதற்கு நான் பொறுப்பு. ஒன்றைச் செய்ய மறக்காதீர்கள்: எழுத்தைப் பெரிதாக்கினால் தமிழின் நீளச் சொற்கள் வரிக்கு மூன்றுதான் நிற்கும், நடுவே ஓட்டைப் பல் போல இடைவெளி விழும். அமைப்பில் போய் இடப்பக்க வரிசைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

ஸ்கேன் செய்த பழைய நூல்களையே அதிகம் படிப்பவர் என்றால் கிண்டில் வேண்டாம். அரசு மின்னூலகங்களில் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவை பக்கங்களின் புகைப்படங்கள். புகைப்படத்தில் எழுத்து மட்டும் பெரிதாகாது.

நம் மலைக்கென்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் சமவெளியில் உட்கார்ந்து ஆலோசனை சொல்பவர்களுக்கு இது தோன்றாது. உங்கள் ஹட்டியில் வீட்டுக்குள் சிக்னல் வருகிறதா? எஸ்டேட் லைன்களிலும் பள்ளத்து ஊர்களிலும் மொட்டைப் பாறைமேல் ஏறினால்தான் இரண்டு கோடு தெரியும் என்ற நிலை இன்னும் உண்டு. முன்பெல்லாம் வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி, கேபிள் வழியாகக் கிண்டிலுக்கு மாற்றலாம். 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் அந்த வழியை அடைத்துவிட்டது. விலைக்கு வாங்கியது இப்போது வைஃபை வழியாகத்தான் வரும். இலவசக் கோப்புகளைக் கேபிளில் ஏற்றலாம், ஆனால் இ-பப் கோப்பை அப்படி ஏற்றினால் கிண்டில் கண்டுகொள்ளாது. மோபி அல்லது ஏஇசட்டபிள்யூ3 வடிவில் இருக்க வேண்டும். இது உங்களுக்கு வேண்டாத நுணுக்கம், மகனிடம் இந்த வரியை மட்டும் காட்டுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது எளிது. மாதம் ஒருமுறை பென்ஷன் வேலையாகக் கோத்தகிரி போகும்போது கிண்டிலையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதோடு இணைத்தால், பத்துப் புத்தகங்கள் வங்கி வரிசையில் நிற்கும் நேரத்திற்குள் இறங்கிவிடும். கிண்டிலின் பட்டியலில் போன் தெரியவில்லை என்றால் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும். பழைய மாடல்கள் 5ஐப் பார்க்காது. வீட்டுக்கு வந்ததும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த பென்ஷன் வரை சிக்னலே வேண்டாம். முதல் பதிவை மட்டும் கோவையில் மகனே முடித்துக் கொண்டுவரட்டும், இல்லையென்றால் ஓடிபிக்காகப் பாறை ஏற வேண்டியிருக்கும்.

காற்றடித்து மரம் மின்கம்பியில் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போகும்போது கிண்டிலின் அருமை தெரியும். ராமபாணப் பூச்சியும் பூஞ்சணமும் அதை அண்டாது. ஆனால் குளிர் அண்டும். சென்ற ஜனவரியில் உதகையில் ஒரு விடியற்காலை, புல்வெளி வெளுத்துக் கிடந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினேன். புதிய பக்கத்துக்கு அடியில் பழைய பக்கத்தின் எழுத்துகள் மங்கலாக நின்றன. பழுது இல்லை, குளிரில் துகள்கள் சோம்பலாக நகர்கின்றன. அடுப்படிக்குப் போனதும் தெளிந்துவிட்டது.

திரைக்குள் இருப்பது மெல்லிய கண்ணாடி. என் முதல் கிண்டில், குன்னூரிலிருந்து இறங்கும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவொன்றில் யாருடைய கேரட் மூட்டையோ என் பையின் மேல் சாய்ந்ததில் போனது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே திரையின் பாதி கோடுகோடாக உறைந்து நின்றது. அத்தகைய உடைசலுக்கு உத்தரவாதம் கிடையாது, மலையில் பழுது பார்ப்பவரும் கிடையாது. கெட்டி அட்டை உறை வாங்காமல் கருவியை வாங்காதீர்கள்.

பத்தில் ஆறு தேறினால் மகன் சொன்னபடி கிண்டிலையே, அமேசான் தளத்திலிருந்து நேரடியாக வாங்குங்கள். கூரியர்காரர் ஹட்டி வரை வரமாட்டார். கோவை முகவரியைக் கொடுங்கள். மேட்டுப்பாளையத்தில் கொடுத்த ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். ரசீது கொடுத்திருக்க மாட்டார், தனியாகப் போகாதீர்கள். மகனையும் கூட்டிக்கொண்டு, கடையில் ஆள் கூடியிருக்கும் சாயங்கால நேரமாகப் பார்த்துப் போங்கள்.