ஏற்காட்டில் கிடக்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளை ஏன் மறுசுழற்சி செய்ய முடிவதில்லை?

சேலத்தில் எந்தக் காயலான் கடையிலும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்வார்கள், சிப்ஸ் பாக்கெட்டைத் தொடமாட்டார்கள். பாட்டில் பெட் என்ற ஒரே வகை பிளாஸ்டிக். கழுவி, நொறுக்கி, உருக்கினால் நூலாகவே இழுக்கலாம். பாக்கெட்டிலோ பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கும். சிப்ஸ் நமுத்துப் போகாமல் காப்பது அதுதான். அந்த அடுக்குகளைப் பிரிக்க ஆகும் செலவுக்குக் கிடைக்கும் பொருள் ஈடாகாது.

சரி, வேறு வழி? சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போடலாம். மதுரைப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் காட்டியபடி, பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியில் கலந்து தார்ச்சாலையும் போடுகிறார்கள். ஆனால் எதற்கும் முதலில் ஏற்காடு மலையிலிருந்து குப்பை கீழே இறங்க வேண்டும். காலி பாக்கெட்டில் எடையே இல்லை, வண்டி வாடகைக்குக் கட்டாது. குரங்குகள் உப்புக்காக அதைக் கடிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஏற்காடு போகிறவர்கள் தயவுசெய்து காலி பாக்கெட்டைக் கையோடு கீழே கொண்டுவாருங்கள்.