ஆரி ஊசிக்குப் புது டிசைன் எங்கே கிடைக்கும்?

கேள்வி: அக்கா, எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டிலேயே ஆரி ஒர்க் (கொக்கி ஊசியில் போடுகிற எம்பிராய்டரி) ப்ளவுஸ் போட்டுக் கொடுக்கிறேன். ஆர்டருக்குக் குறைவில்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி 'இதே மாதிரி வேணும்' என்கிறார்கள். நானாக ஒன்று வரையலாம் என்று உட்கார்ந்தால் மயில், தாமரை, மாங்காய் தவிர எதுவும் வரமாட்டேன் என்கிறது. புது ஐடியா வேண்டும் என்றால் ஜெய்ப்பூர், கட்ச் என்று நாலு ஊர் போய்ப் பார்க்கணும் என்கிறார்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போக? இந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது? — ஒரு வாசகி, அம்பை

பதில்: தங்கச்சி, கடைசியாகக் கேட்டாயே, 'இந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது' என்று, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் நீ எழுதியிருப்பது அம்பையிலிருந்து. மரச் செப்புச் சாமானுக்குப் பேர்போன ஊர் அது. உன் பிள்ளைகளுக்கும் யாராவது ஒரு செட் வாங்கிக் கொடுத்திருப்பார்கள், கட்டிலுக்கு அடியில் தேடினால் ஒரு குட்டிப் பானையாவது அகப்படும். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மேலே படி.

சிவப்பு, மஞ்சள், பச்சை, எல்லாம் வளையம் வளையமாக ஓடுகிறதா? அந்த வண்ணம் தூரிகையால் பூசியது இல்லை. கடைசல் பட்டறையில் மரம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள், உரசுகிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். மரம் சுற்றுவதால் நிறமும் சுற்றித்தான் போகும், பூ வராது, கொடி வராது. கடைகிறவர் கையில் இருப்பதெல்லாம் எந்த இடத்தில் நிறத்தைத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு அகலம் விடுவது என்கிற முடிவுதான். கழுத்தில் மெல்லிய கோடு ஒன்று, வயிற்றில் அகலமாக ஒரு பட்டை, இடையில் கொஞ்சம் இடைவெளி, இதை வைத்தே அந்தப் பானை எவ்வளவு அழகாக இருக்கிறது பார். இப்போது நீ தைக்கிற ப்ளவுஸ் கையை நினைத்துக்கொள். அதுவும் உருண்டைதானே. மாங்காயும் மயிலும் இல்லாமல், மூன்றே நிறத்தில், அகலமும் மெலிவுமாக மாறி மாறிச் சங்கிலித் தையலில் வளையங்கள் மட்டும் போட்டால் எப்படி இருக்கும்? உன் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்தே ஒரு டிசைன் வந்துவிட்டது.

நான் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எதைப் பார்த்தாலும் 'இது ஏன் இப்படி இருக்கிறது' என்று கேட்டுவிட்டு, பதில் கிடைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராதே. ஃபோனில் வருகிற படத்தில் இந்த 'ஏன்' இருக்காது, முடிந்துபோன பொருள் மட்டும்தான் இருக்கும். அதுவும் நீ நேற்று ஒரு மயிலைத் தொட்டுப் பார்த்திருந்தால் இன்றைக்கு இன்னும் பத்து மயிலைக் கொண்டுவந்து கொட்டும், கோயம்புத்தூரிலும் சேலத்திலும் இதே வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் அதே பத்து மயில்தான் போய்ச் சேரும். உனக்கு எதுவும் தோன்றவில்லை என்றால் அதற்குக் காரணம் உன் மூளை இல்லை, அதற்கு நீ போடுகிற தீனி.

அடுத்து பத்தமடை. உனக்குப் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்துப் பயணம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்பிவிடலாம். பாய் நெய்கிற வீட்டில் போய்க் கேட்டால் பெண்கள் உட்கார வைத்துக் காட்டுவார்கள், நீயும் கைவேலைக்காரி என்று சொல்லிக்கொள், பேச்சு வேறு மாதிரி போகும். தாமிரபரணிக் கரையோரம் விளைகிற கோரையை ஊறவைத்து, நூல் மாதிரி மெல்லிசாகக் கீறி, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவுக்குக் குறுக்கே ஒவ்வொன்றாகக் கொடுத்து நெய்கிறார்கள். நல்ல பட்டுப்பாயைத் தொட்டுப் பார்த்தால் புல் என்றே நம்ப முடியாது, துணியைப்போல மடித்து வைக்கலாம். 1953-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. நீ போவது அதற்காக இல்லை. பாயின் ஓரத்தில் ஓடுகிற வேலைப்பாட்டை, கல்யாணப் பாயில் பெண்ணு மாப்பிள்ளை பேரை நெய்திருக்கும் எழுத்தை, கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார். வளைவு எங்கேயும் வளைவாக இருக்காது. நெசவில் குறுக்கும் நெடுக்கும்தான் போக முடியும் என்பதால் ஒவ்வொரு வளைவும் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். உன் ஆரி ஊசி எந்தப் பக்கமும் வளையும், அந்தச் சுதந்திரத்தில்தான் நீ திரும்பத் திரும்ப ஒரே கொடியைப் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தடவை வளைவே இல்லாமல், கட்டம் போட்ட நோட்டில் படிப்படியாக ஒரு தாமரை வரைந்து பார். அதே தாமரைதான், ஆனால் ஆளே மாறிப்போயிருக்கும்.

சரி, இயற்கைக்கு வருவோம். இயற்கையைப் பார் என்று எல்லாரும் சொல்வார்கள், குற்றாலத்துக்குப் போய் அருவிக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நீ தினம் கடக்கிற வயலே போதும். ஜூனில் பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால் கன்னடியன் கால்வாயில் ஓடி வந்து கார் போக நெல் நடவு தொடங்கும், அப்புறம் அடுத்த போகமான பிசானம். செங்கோட்டை ரயிலில் கல்லிடைக்குறிச்சி தாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்து பச்சையை மட்டும் கவனி. நாற்றங்கால் பச்சையில் மஞ்சள் தூக்கலாக இருக்கும், நெருக்கமாக, மெத்தென்று இருக்கும். பக்கத்திலேயே அன்றைக்கு நட்ட வயலில் பச்சை அநேகமாக இருக்கவே இருக்காது, முழுக்கத் தண்ணீரும் அதில் விழுந்த வானமும்தான், நடுவே வரிசையாகப் புள்ளி புள்ளியாக நாற்று. இரண்டும் ஒரே பயிர். சாம்பல் நீலப் பட்டில் இடம் விட்டு இடம் விட்டுப் பச்சை முடிச்சுகள் மட்டும் போட்ட முதுகுப் பக்கத்தை யாராவது உடுத்தி நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. வேலையும் கம்மி, பாசிமணிச் செலவும் கம்மி. நூல் வாங்கும்போது கடைக்காரரிடம் 'பச்சை' என்று கேட்காமல் இந்த வயல்களை நினைத்து ஐந்தாறு பச்சை எடுத்து வை.

பிள்ளைகளோடு ஒருநாள் போக முடிந்தால் கூந்தன்குளம் போ, ஜெய்ப்பூரை விட்டுத் தள்ளு. நாங்குநேரிப் பக்கம், 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், ஆனால் அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைப் பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்டவர்கள். தெருவில் நிற்கிற மரத்திலேயே கூடு கட்டியிருக்கும், அதுகளுக்காக வெடி வெடிக்க மாட்டார்கள், எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். ஜனவரிக்கு மேல் போனால் நல்லது. அங்கே மஞ்சள்மூக்கு நாரை ஒன்றைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் அதையே பார். உடம்பு பெரும்பாலும் வெள்ளை. இறக்கையிலும் மார்பிலும் கறுப்பு, அதுவும் அப்பியதுபோல் இல்லாமல் வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடி உடைந்து உடைந்து கிடக்கும். மூக்கு மஞ்சள், முகம் ஆரஞ்சு. இதெல்லாம் தாண்டி, முதுகின் கடைசியில், வால் பக்கம் மட்டும், ரோஜா நிறத்தில் கொஞ்சம் சிறகு தொங்கும். அந்த ரோஜா நிறத்தை உடம்பு முழுக்கக் கொட்டியிருந்தால் அது யார் கண்ணிலும் நின்றிருக்காது. எந்த நிறம் எவ்வளவு, எங்கே என்பதை நோட்டில் குறித்துக்கொள். பறவையை வரைய வேண்டாம், அந்த அளவை மட்டும் எடு: வெள்ளைப் பட்டு, கையோரத்தில் உடைந்த கறுப்புக் கோடுகள், பின்கழுத்து முடிச்சுக்குக் கீழே மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ரோஜா. பார்க்கிறவர்களுக்கு நாரை என்று தெரியாது, ஆனால் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

கோயில் சிற்பம் பார்க்கக் கிருஷ்ணாபுரம் இருக்கிறது, அங்கே கல்லில் செதுக்கிய நகைகளைப் பார்த்தாலே உனக்கு ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கும், அதை நீயே கண்டுகொள்வாய். நான் அனுப்ப நினைப்பது கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கு. கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகிற வழி. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்திருக்கிறார்கள், உச்சியில் சிகரம் முடிந்து, சிற்பம் எல்லாம் மிளிர்ந்து நிற்கும், கீழே அப்படியே நின்றுபோய் வெறும் பாறையாகக் கிடக்கும். முடிந்த கோயிலில் வேலை செய்த வரிசை நமக்குத் தெரியாது. இங்கே தெரியும். உளி எங்கே தொடங்கியது, முதலில் முரட்டாக என்ன எடுத்தார்கள், நுணுக்கம் எப்போது வந்தது என்று படிக்கலாம். ட்ரேஸிங் தாளில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுத்தான் ஊசி எடுப்பேன் என்று இருக்காதே. மேலே ஒரு இடத்தை முழுசாக முடி, அதைப் பார்த்து அடுத்ததை யோசி.

எங்கே போனாலும் முதலில் ஃபோனை எடுக்காதே. ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். படம் கோணலாக வரட்டும், யாருக்கும் காட்டப் போவதில்லை. படம் பிடித்தால் அடுத்த நொடி நகர்ந்துவிடுவாய், வரைந்தால் அந்தக் கோடு எங்கே திரும்புகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். வரைந்து முடித்த பிறகு வேண்டுமானால் ஒரு படம் எடுத்துக்கொள், நிறம் மறந்துபோகாமல் இருக்க.

அப்புறம் வாடிக்கையாளர் விஷயம். மயில் கேட்கிறவர்களுக்கு மயில் போட்டுக் கொடு, அதுதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது, அதில் குறை ஒன்றுமில்லை. உன்னுடையதை முதலில் வாயால் விளக்காதே, யாருக்கும் புரியாது. உள்ளங்கை அளவு சாம்பிள் துணியில் அந்த வளையத்தையும் நாற்று முடிச்சையும் போட்டு, துணியை இழுத்துக் கட்டித் தைக்கிற காட் பக்கத்தில் சுவரில் மாட்டி வை. அளவு கொடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும்போது பார்ப்பார்கள். ஒன்றை உனக்கே தைத்து, தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போ, பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். கேட்கும்போது, மணி கம்மியாக இருக்கிறதே என்று கூச்சப்பட்டு மயில் ப்ளவுஸைவிடக் குறைத்துக் கூலி சொல்லிவிடாதே. பத்தமடைக்குப் போன பஸ் காசும், கூந்தன்குளத்தில் நின்ற அரை நாளும் அந்தத் துணிக்குள் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்.