போன வருடம் வெள்ளி, இந்த வருடம் வெண்கலம்: நீச்சலை நிறுத்திவிடலாமா?

"போன வருஷம் வெள்ளி வாங்கினா. இந்த வருஷம் வெண்கலம்தான். அடுத்த வருஷம் பத்தாவது. இத்தோட நிறுத்திடலாமா?" தேசிய ஜூனியர் நீச்சல் போட்டி முடிந்து மகளோடு ரயிலில் திரும்பும்போதே இதை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். கூடவே முடிவுத்தாள்களையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதை அனுப்பியது நல்லதாகப் போயிற்று அம்மா. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

பதக்கத்தின் நிறத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு நேரத்தைப் பாருங்கள். போன வருடம் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அவள் வெள்ளி வாங்கியது 1:02.40-ல். இந்த வருடம் வெண்கலம் வாங்கியது 1:00.90-ல். ஒன்றரை வினாடி குறைத்திருக்கிறாள். போன வருடத்து உங்கள் மகளும் இந்த வருடத்து உங்கள் மகளும் பக்கத்துப் பக்கத்து லேனில் நீந்தியிருந்தால், இவள் சுவரைத் தொடும்போது அவள் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் பின்னால் வந்துகொண்டிருப்பாள். இதற்குப் பெயர் பின்னடைவு இல்லை.

அப்புறம் ஏன் வெள்ளி வெண்கலமானது? பிரிவு மாறிவிட்டது, அதுதான் காரணம். ஜூனியர் போட்டிகளில் பிறந்த ஆண்டை வைத்துத்தான் பிரிவு பார்க்கிறார்கள். உங்கள் மகள் வருடக் கடைசியில் பிறந்தவள். போன வருடம் சின்னப் பிரிவில் மூத்தவளாக நின்றாள், இந்த வருடம் பெரிய பிரிவில் ஆகச் சின்னவளாக நிற்கிறாள். பக்கத்து லேன்களில் 17 வயதுப் பெண்கள். அவர்கள் நடுவில் மூன்றாவதாக வந்திருக்கிறாள். வீட்டில் மாமாவும் சித்தப்பாவும் "இறங்கிட்டாளே" என்று சொன்னால் இந்த இரண்டு நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

இன்னும் சரியாக அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. உலக நீச்சல் அமைப்பு ஒவ்வொரு நேரத்துக்கும் புள்ளி கணக்கிடும் முறை ஒன்றை வைத்திருக்கிறது. உலக சாதனை நேரத்தை நம் நேரத்தால் வகுத்து, வந்த எண்ணை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, அதை ஆயிரத்தால் பெருக்க வேண்டும். பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரோம் 2017-ல் உலக சாதனையாக நீந்திய 51.71 வினாடியை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளின் போன வருட நேரத்துக்கு 569 புள்ளி, இந்த வருடத்துக்கு 612. இதில் உள்ள வசதி என்னவென்றால், எந்தப் போட்டி, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் இந்தக் கணக்கைத் தொடாது. 100 மீட்டரையும் 200 மீட்டரையும்கூட இதை வைத்து ஒப்பிடலாம். 50 மீட்டர் குளத்து நேரத்தை 25 மீட்டர் குளத்து நேரத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்காதீர்கள். சின்னக் குளத்தில் திரும்பும் இடங்கள் அதிகம், சுவரை உதைத்துத் தள்ளும் வேகத்தில் நேரம் எப்போதும் குறைவாகத்தான் வரும். பள்ளிப் போட்டி நேரத்தைப் பார்த்துவிட்டுத் தேசியப் போட்டியில் ஏமாந்துபோகும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன்.

அந்தத் தாளில் நீங்கள் கவனிக்காத ஒன்று, முதல் 50 மீட்டரும் இரண்டாவது 50 மீட்டரும் தனித்தனியாகப் போட்டிருப்பது. 28.90, அடுத்தது 32.00. டைவ் அடித்துத் தொடங்குவதால் முதல் பாதி எப்போதும் வேகமாகத்தான் இருக்கும். ஆனாலும் மூன்று வினாடிக்கு மேல் இடைவெளி என்றால் கடைசி 25 மீட்டரில் அவள் தளர்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறைக்க இன்னும் இடமிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. காலையில் ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், 1:01.60, மாலை ஃபைனலில் 1:00.90. கூட்டம், விளக்கு, பெயர் அறிவிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் வேகம் கூடுகிற பிள்ளை அவள். 200 மீட்டரில் 0.31 வினாடியில் பதக்கம் தவறி நான்காவது இடம். அதற்காக ரயிலில் அழுதுகொண்டு வந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அழட்டும். அழுகிற பிள்ளைக்கு அந்த விளையாட்டு இன்னும் வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் கோச்சிடம் பேசும்போது இரண்டாவது பாதியைப் பற்றிக் கேளுங்கள். "ஏன் பதக்கம் வரலை" என்று மட்டும் கேட்காதீர்கள்.

சரி, இனி ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் அவள் நேரம் குறையாமல் அப்படியே நிற்கலாம், சில மாதம் கூடவும் செய்யலாம். பெண் பிள்ளைகளின் உடல் மாறுகிற வயது இது. இடுப்பு, எடை, தண்ணீரில் உடம்பு மிதக்கும் விதம் எல்லாமே மாறும். முன்பு இயல்பாக வந்த ஸ்ட்ரோக்கைப் புதிதாகப் பழக வேண்டிவரும். இந்த இடத்தில்தான் நல்ல நீச்சல்காரிகள் பலர் விட்டுப்போகிறார்கள். காரணம் தெரியாத வீடுகளில் இதைச் சோம்பல் என்கிறார்கள், செல்போன் என்கிறார்கள். பிள்ளையும் அதையே நம்பிவிடுகிறது. மாதவிடாய் நாட்களைப் பற்றிக் கோச்சிடம் கூச்சமில்லாமல் பேச அவளுக்கு வழி செய்து கொடுங்கள், அவளால் முடியாவிட்டால் நீங்களே பேசுங்கள். வருடத்துக்கு இரண்டு முறையாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து பார்த்துவிடுங்கள். பயிற்சி குறையாமல் நேரம் மட்டும் மோசமாகிக்கொண்டே போனால் திட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது அந்தப் பரிசோதனையைத்தான். தோள் வலி என்று சொன்னாலும் அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

"14 வயசுல ஒலிம்பிக் போறாங்க, இவளுக்கு 15 ஆகப் போகுது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது பெங்களூரின் தினிதி தேசிங்குவை. 2024 பாரிஸில் அவர் நீந்தியபோது வயது 14, உண்மைதான். இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், ஒலிம்பிக்குக்கு நேரடியாக அனுப்பும் 'ஏ' தகுதி நேரத்தை நீச்சலில் எட்டிய முதல் இந்தியர். 2021 ஜூனில் ரோமில், 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 1:56.38. தகுதிக்கு வேண்டியது 1:56.48. அப்போது அவருக்கு 27 வயது, அதற்கு முன்புதான் காயத்தால் அவதிப்பட்டு மீண்டிருந்தார். 15 வயதில் எதுவும் முடிந்துபோவதில்லை.

இனி படிப்பு. படிப்பு ஆலோசனைதான் என் வேலையே, அதனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் மகள் ஒலிம்பிக் போவாள் என்று நம்பி இந்த முடிவை எடுக்காதீர்கள். அந்த நம்பிக்கை இல்லாமலேயே இந்தப் பதக்கம் அவள் படிப்புக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் விளையாட்டுப் பிரிவுக்கென 500 இடங்கள் இருக்கின்றன, பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே தனிக் கலந்தாய்வு நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்கு இரண்டு கூடுதல் இடம் வைத்திருக்கிறது, அதில் ஒன்று பெண்களுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறித் தரவரிசையில் வர வேண்டும், கடந்த நான்கு வருடத்துக்குள் தேசிய அல்லது சர்வதேச அளவில் ஒரு பதக்கமாவது இருக்க வேண்டும். நீச்சலும் அந்தப் பட்டியலில் உண்டு.

'நான்கு வருடம்' என்பதைக் கவனியுங்கள். ஆறாம் வகுப்பில் வாங்கிய தங்கம் வீட்டு அலமாரிக்கு அழகு, கல்லூரி வாசலில் அதற்கு வேலை இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருகிற பதக்கங்கள்தான் கணக்கில் வரும். அந்தக் காலம் உங்கள் மகளுக்கு இப்போதுதான் தொடங்குகிறது. பலன் தரத் தொடங்குகிற இடத்தில் மரத்தை வெட்டுவதா என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் எதிர்க்கேள்வி.

வேலை விஷயம் அவளுக்கு இப்போது தூரம். மத்திய அரசின் சில பணிகளுக்கான நேரடி நியமனங்களில் 5 சதவீதம் வரை, தமிழக அரசுப் பணிகளில் 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, காவல்துறை, துணை ராணுவப் படைகள் தனியே ஆள் எடுக்கின்றன. இங்கே விர்தவல் காடேயின் கதையைச் சொல்ல வேண்டும். 16 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீந்தியவர். 2010 ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் பட்டர்ஃப்ளையில் வெண்கலம் வாங்கினார், 1986-ல் கஜான் சிங் வெள்ளி வாங்கியதற்குப் பின் 24 வருடம் கழித்து நம் நாட்டுக்கு நீச்சலில் வந்த பதக்கம் அது. மகாராஷ்டிர அரசு அவருக்குத் தாசில்தார் பதவி கொடுத்தது. பணிச்சுமையில் சில வருடம் நீச்சலை விட்டே விலகியிருந்தார். திரும்பி வந்து 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நான்காவதாக வந்தார், 0.01 வினாடியில் வெண்கலம் போயிற்று. பதக்கம் ஒரு நல்ல பதவியைத் தரும். அந்தப் பதவி குளத்துக்குப் போக விடுமா என்பதையும் சேரும் முன்பே விசாரிக்க வேண்டும். பயிற்சியாளராக வேண்டுமானால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ இருக்கிறது. அதையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் பேசிக்கொள்ளலாம்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைகளுக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வருகிறது, பயிற்சிச் செலவு தனி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சாம்பியன்ஸ் டெவலப்மென்ட் திட்டத்துக்கும் விண்ணப்பியுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: 'அகில இந்திய', 'நேஷனல்' என்று பெயர் வைத்துக்கொண்டு நுழைவுக் கட்டணம் வாங்கி எல்லோருக்கும் பதக்கம் மாட்டிவிடும் போட்டிகள் நிறைய நடக்கின்றன. இந்திய நீச்சல் சம்மேளனமோ, பள்ளி விளையாட்டுச் சம்மேளனமோ, கேலோ இந்தியாவோ நடத்தாத போட்டிக்குப் போகும் முன் இந்தச் சான்றிதழ் கலந்தாய்வில் செல்லுமா என்று கேளுங்கள். செல்லாத ஐந்து தங்கத்தைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்த ஒரு தகப்பனாரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பத்தாம் வகுப்பை எப்படிச் சமாளிப்பது? ஜூனியர் தேசியப் போட்டிகள் சில ஆண்டுகளாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் நடக்கின்றன. பொதுத்தேர்வு அதற்கு அரை வருடத்துக்கு மேல் தள்ளி வருகிறது. ஆகவே ஆகஸ்ட் வரை காலையும் மாலையும் குளம். போட்டி முடிந்ததும் இரண்டு வாரம் முழு ஓய்வு, அவளுக்கே அது வேண்டியிருக்கும். அப்புறம் டிசம்பர் வரை வாரத்துக்கு ஆறு காலை மட்டும், மாலை படிப்பு. ஜனவரியிலிருந்து தேர்வு முடியும்வரை வாரத்துக்கு மூன்று நாள், உடம்பு தண்ணீரை மறக்காமல் இருப்பதற்காக மட்டும். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒன்பதாம் வகுப்பு முடிந்த விடுமுறையிலேயே இரண்டிரண்டு பாடம் முன்னால் போய்விடட்டும். போட்டிக்காக விடுபடும் நாட்களின் பாடத்தை யாரிடம் வாங்குவது என்று வகுப்பாசிரியரிடம் முதல் வாரத்திலேயே பேசி வைத்துவிடுங்கள். தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். நான்கரைக்கு எழும் பிள்ளை ஒன்பதுக்குப் படுத்தாக வேண்டும், அதற்காக வீட்டு டிவியை அணைக்க வேண்டியிருந்தாலும் சரி.

முழுக்க நிறுத்தச் சொல்லி ஒரு மாணவனுக்கு நானே ஆலோசனை சொல்லியிருக்கிறேன், இந்த வேலைக்கு வந்த புதிதில். பதினொன்றாம் வகுப்பில் விளையாட்டை நிறுத்தினான், இரண்டு வருடம் கழித்துத் திரும்பலாம் என்று பேச்சு. மதிப்பெண் கூடவில்லை, மாலை நேரங்கள் வேறு எதிலோ போயின. குளத்துக்கும் அவன் திரும்பவில்லை. அன்றிலிருந்து நான் யாரையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதில்லை. அவளே "எனக்குப் பிடிக்கலைம்மா" என்று சொன்னால் அது வேறு. அந்தக் கேள்வியை நீங்கள் இன்னும் அவளிடம் கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. சித்தப்பா இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

கடைசியாக, சான்றிதழை லேமினேஷன் செய்யும் முன் ஒரு முறை நன்றாகப் படியுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அவள் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பள்ளிப் பதிவில் முன்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெயர் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் உள்ளபடி இருக்க வேண்டும். மாறியிருந்தால் இந்த மாதமே மாநில நீச்சல் சங்கத்தில் எழுதிக் கொடுத்துத் திருத்தி வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துக் கலந்தாய்வுக்கு முந்தைய நாள் அதற்காக அலைய வேண்டாம்.