பேஸ்பால்ல ஒரு இளம் பிளேயர் மேஜர் லீக்குக்கு ரெடின்னு எப்படி முடிவு பண்றாங்க?

ப்ராஸ்பெக்ட்னா பின்னாடி பெரிய ஆளா வருவான்னு நம்பி டீம் மைனர் லீக்ல வளர்க்கற பையன். அங்க கடைசி படி ட்ரிபிள் ஏ.

பேட்டிங் ஆவரேஜ் (அடிக்க நின்னதுல எவ்வளவு பங்கு ஹிட் ஆச்சுங்கற கணக்கு) மட்டும் பாத்தா பத்தாதுங்க, ஏன்னா கீழ இருக்கற பிட்சருங்க நிறைய தப்பு பண்ணுவாங்க, அத அடிச்சே நம்பர் ஏறிடும், மேல போனா அந்த தப்பு ரொம்ப கம்மி. அதனால ஸ்ட்ரைக் ஸோனுக்கு (பேட்ஸ்மேன் அடிக்க வேண்டிய பந்துன்னு கணக்கு வர்ற இடம்) வெளிய போற பந்த விடறானா, வளைஞ்சு விழற பந்துக்கு ஏமாறாம நிக்கறானா, போன தடவ அவுட்டான மாதிரியே திரும்ப ஆகாம மாத்திக்கறானா, இதத்தான் பாக்கணும். என்ன கேட்டா கடைசி விஷயம்தான் எல்லாத்தையும் விட முக்கியம். லைசென்ஸுக்கு எட்டு போடறது வேற, சாயங்கால ட்ராஃபிக்ல ஓட்டறது வேற இல்லயா, அதே மாதிரிதான்.

மைக் ட்ரௌட் 2011-ல 19 வயசுல வந்து 40 மேட்ச்ல ஆவரேஜ் .220 தான் அடிச்சாரு, அதாவது நூத்துக்கு 22 ஹிட். 2012 சீசன ட்ரிபிள் ஏல ஆரம்பிச்சு, ஏப்ரல் கடைசில மேல வந்து, அந்த வருஷமே அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கோட ஒரு பிரிவு) ரூக்கி ஆஃப் தி இயர், அதாவது சிறந்த புதுமுக விருது வாங்கிட்டாரு!

கீழயே வச்சிருந்தா ரெடி இல்லன்னு பலர் நினைக்கறாங்க, எப்பவும் அப்படி இல்ல, டீமோட லாபக் கணக்கும் இருக்கலாம். 2015-ல கிரிஸ் ப்ரையன்ட்ட கப்ஸ் டீம் ரெண்டு வாரம் லேட்டா கூப்பிட்டதால அவரு ஃப்ரீ ஏஜென்ட் (எந்த டீமோட வேணாலும் ஒப்பந்தம் போடலாம்ங்கற நிலை) ஆகறது ஒரு வருஷம் தள்ளிப்போச்சு.